பாசி பூசிய சுவர்

காலை ஆறு நாற்பது. பசறை வீதியின் வளைவில் ஆட்டோ திரும்பியதும் முதலில் தெரிந்தது வெள்ளை. பள்ளத்தில் பனி இன்னும் கலையவில்லை. அதற்கு நடுவே, குதிரை லாடம்போல் வளைந்த ஒரு சுவர், பனியைவிட வெள்ளையாக நின்றது. முந்தைய நாள் மாலை நாங்கள் அந்த இடத்தை விட்டுப் போகும்போது அது கருங்கல் சுவர்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தங்கை ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். அவள் கைகள் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டன.

பூங்கா வாசலில் அப்பா நின்றார். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். முழங்கை வரை சுண்ணாம்பு. எங்களைக் கண்டதும் தாடையை உயர்த்தி, எப்படி இருக்கிறது என்று கேட்டார். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் இரண்டொரு முறைதான் பார்த்திருக்கிறேன்.

தங்கை ஆட்டோவிலிருந்து இறங்கி நேராகச் சுவரிடம் போய் அதைத் தொட்டாள். விரல் வெள்ளையாக வந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பூங்காவின் திறப்பு விழா.

என் தங்கைக்குக் காது கேட்காது. பேச்சு வருவதற்கு முன்பே ஒரு காய்ச்சலில் போனது. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, வேறு மாவட்டத்தில் ஒரு விடுதிப் பாடசாலையில் படித்து, பிறகு கட்டடப் படம் வரையக் கற்று, இப்போது பண்டாரவளையில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். அவள் கையால் சொல்வதைத்தான் இங்கே பேச்சாக எழுதுகிறேன். அவள் கைப்பேச்சு மென்மையானது அல்ல. கேலியும் அதட்டலும் கலந்தது.

பூங்கா யோசனை தொடங்கியது பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தேநீர்க் கடையில். ஞாயிறு மாலைகளில் காது கேளாதவர்கள் அங்கே கூடுவார்கள். எல்ல, பசறை, ஹல்துமுல்லை என்று பல பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வருவார்கள். வீட்டில் பேசும் மொழி ஒவ்வொருவருக்கும் ஒன்று. கையில் பேசும் மொழி எல்லோருக்கும் ஒன்றுதான். அந்தக் கடையை அவர்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. கடைசி மேசைக்கு எதிரே சுவர் நீளத்துக்கு ஒரு கண்ணாடி. பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பாமலே தெரியும். மேலே குழல் விளக்கு இரண்டு.

கடைக்காரர் முஸ்லிம்; அவரை எல்லோரும் நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவோம். தங்கையைக் கூப்பிட நான் போகும்போதெல்லாம் என்னிடம் அவருக்கு ஒரே முறைப்பாடு.

"தங்கச்சி, ஒங்கட ஆக்கள் சத்தமே போட மாட்டாங்க. ஆனா என்ட கடையில இவ்வளவு கிளாஸ் ஒடைக்கிற வேற கூட்டம் இல்ல."

உண்மைதான். பேச்சு சூடு பிடித்தால் கை வீசும். கை வீசினால் கிளாஸ் விழும். அதோடு நீள மேசையில் ஒரு நுனியில் இருப்பவருக்கு மறு நுனியில் இருப்பவரின் கை தெரியாது. ஒருவர் சொன்ன பகிடி நடுவில் இருவர் வாங்கிக் கடத்தித்தான் கடைசி ஆளுக்குப் போகும். அவர் சிரிக்கும்போது முதல் ஆள் வேறு கதைக்குப் போயிருப்பார். என் தங்கை அந்தக் கடைசி நுனியில் பல வருடம் உட்கார்ந்தவள்.

பசறை வீதிக்குக் கீழே, பழைய தார்ப் பீப்பாய்கள் கிடந்த ஒரு சரிவான காணியை உள்ளூராட்சிச் சபை பூங்காவாக்கப் போகிறது என்று எனக்குத்தான் முதலில் தெரியவந்தது. பத்திரிகைக்குப் பிரதேசச் செய்தி அனுப்புவது என் வேலை. அவளிடம் சொன்னேன். அந்த வாரமே படம் வரைந்து எடுத்துக்கொண்டு சபையின் பொறியியல் அலுவலரைப் பார்க்கப் போனாள். மொழிபெயர்க்க என்னையும் இழுத்துப் போனாள்.

அலுவலர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இருக்கையெல்லாம் மலைக்கு முதுகைக் காட்டுதே. இங்க வாறவங்க நமுனுகுலையைப் பார்க்கத்தானே வருவாங்க?"

"மலையை எல்லாரும் பார்த்தாச்சு. நாங்க ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்க்கணும்" என்றாள் தங்கை.

"படிக்கட்டு ஏன் இல்ல? இவ்வளவு சரிவுல படிதானே போடுவாங்க?"

அவள் எழுந்து என்னையும் எழுப்பினாள். அறைக்குள்ளேயே என் பக்கத்தில் நடந்துகொண்டு, என் முகத்தைப் பார்த்துக் கையால் பேசினாள். நான் அவள் கையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். அலுவலரின் குப்பைக்கூடையில் இடறினேன்.

"இதுதான் காரணம்" என்றாள். "நடந்துகிட்டே பேசுறப்போ எங்க கண்ணு தரையில இருக்காது."

அவர் சிரித்துவிட்டார். படிக்கட்டுப் பேச்சு போய், அவள் வரைந்த சாய்வுப் பாதையே நிலைத்தது. இருவர் அருகருகே நடந்து கை வீசிப் பேச இடம்விட்ட அகலம். ஓரத்தில் கூழாங்கல் பதித்த பட்டை, பாதை முடிகிறது என்று செருப்புக்குத் தெரிவதற்காக. பாதை ஒரு லாட வடிவச் சுவரில் போய் முடியும். சுவரின் உள்பக்கம் முழுக்கக் கல் இருக்கை. எங்கே உட்கார்ந்தாலும் மற்ற எல்லோருடைய கையும் தெரியும். கிளாஸ் வைக்கும் திட்டை முன்னால் வைக்காமல், இருக்கைக்குப் பின்னால், சுவரிலேயே தோள் உயரத்தில் வைத்தாள். நானாவின் முறைப்பாட்டுக்கு அதுதான் பதில். இருக்கைக்கு மேலே மரம் வேண்டாம் என்றாள். காற்றில் இலை நிழல் கையில் ஆடினால் விரல் படிக்க முடியாதாம். விளக்குகள் தலைக்கு மேலே இல்லை, பக்கவாட்டில் தாழ்வாக.

சுவர் கருங்கல்லில் இருக்க வேண்டும், பூச்சு கூடாது என்று படத்தில் எழுதி, கீழே கோடும் போட்டிருந்தாள். தேயிலை மலைகளில் மண் சரியாமல் இருக்கக் கட்டும் கல் கட்டுப்போல. கறுத்த, பச்சை படிந்த கல்லுக்கு முன்னால்தான் எங்கள் நிறத்துக் கை தெளிவாகத் தெரியும், கண்ணும் களைக்காது.

அலுவலர் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டார். ஒரு நிபந்தனையோடு. அந்தக் காணியைக் கடை போடக் கேட்டு ஏற்கனவே பலர் நெருக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மூணு மாசம் பார்ப்போம். ஆக்கள் வந்து உட்கார்ந்தா இருக்கட்டும். வரலைன்னா அந்த வட்டத்தை எடுத்துட்டுக் கடை போட்டுருவாங்க. அப்ப என்னாலயும் ஒண்ணும் சொல்ல ஏலாது."

வெளியே வந்ததும் தங்கை சொன்னாள்: "முதல் நாள் சரியா இருக்கணும். எங்க ஆக்கள் ஒரு தடவை வந்து பிடிக்கலைன்னா மறுபடி வர மாட்டாங்க. அவங்களுக்கு நானா கடை இருக்கு."

ஆகவே அந்த ஞாயிறு அவளுக்கு என்ன என்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது.

அப்பாவைக் குறை சொல்வதற்கில்லை. தோட்டத்தில் யாராவது பெரியவர் வருகிறார் என்றால் செய்யும் முதல் வேலை வெள்ளை அடிப்பது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துச் சுவர், தண்ணீர் ஓடும் கான் ஓரம், பாதைக் கல், மரத்தின் அடி, எதுவும் தப்பாது. தோட்டத்து நிர்வாகி, அதாவது தொரை, மாறினால் வெள்ளை, திருவிழா என்றால் வெள்ளை, மந்திரி வந்தால் இரண்டு பூச்சு. வெள்ளை அடிக்காத இடம் யாருக்காகவும் காத்திருக்காத இடம். தன் மகள் வரைந்த பூங்காவைத் திறக்க ஆட்கள் வரும்போது சுவர் கறுப்பாக நின்றால், அது அவருக்கு அவமானம். லயத்துக்காரர்கள் நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, முந்தைய மாலை நாங்கள் போன பிறகு வந்து, இருட்டும் வரை அடித்து முடித்திருக்கிறார். காலையில் மிச்சத்தைப் பார்க்கத் தனியாக வந்திருந்தார்.

"சுண்ணாம்பு பத்தல" என்று எங்களிடம் சொன்னார். "அந்தக் கீழ் மூலை மட்டும் விட்டுப்போச்சு. இப்ப வாங்கிட்டு வந்து முடிச்சிருவேன்."

நான் தங்கையைப் பார்த்தேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் சட்டைக் கையை மடித்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்தாள். லாடத்தின் ஒரு பக்கத்தில் அவரை உட்கார வைத்தாள். எதிர்ப்பக்கம் போய், வெள்ளைச் சுவரில் முதுகு படாமல் உட்கார்ந்தாள். வெயில் வரட்டும் என்று சைகை காட்டினாள்.

நாங்கள் காத்திருந்தோம். மலை விளிம்பைத் தாண்டி வெயில் வந்து சுவரில் விழுந்தது. சுவர் எரிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா கண்ணைச் சுருக்கினார். தங்கை முகத்துக்கு அருகே ஏதோ ஒரு சைகை செய்தாள். வெள்ளைக்கு முன்னால் அவள் வெறும் கறுப்பு உருவமாகத்தான் தெரிந்தாள். விரல் தெரியவில்லை. முகமும் தெரியவில்லை.

"என்னா சொல்றா?" என்று அப்பா என்னைக் கேட்டார்.

"எனக்கும் தெரியலப்பா."

"ஒனக்கே தெரியலையா? நீதானே அவளுக்கு வாயி."

அவள் மறுபடி செய்தாள். அப்பா நெற்றியில் கையை வைத்து மறைத்துப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்தார். தலையை ஆட்டினார்.

தங்கை எழுந்து, சுண்ணாம்பு தீர்ந்துபோன கீழ் மூலைக்குப் போனாள். கறுத்த கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து அதே சைகையைச் செய்தாள். இரண்டு விரலால் மேலுதட்டின் ஓரத்தைப் பிடித்து முறுக்கி விடுவது. சின்ன வயதில் அவளே உண்டாக்கியது. எங்கள் வீட்டில் அதற்கு ஒரே பொருள்: அப்பா.

அவர் தன் மீசையைத் தொட்டுக்கொண்டார். பிறகு வெள்ளைச் சுவரைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார்.

"அப்ப கழுவணும்" என்றார்.

அவ்வளவுதான். விளக்கம் கேட்கவில்லை. கைப்பேசியை எடுத்து லயத்துக்குப் பேசினார். அவர் எப்போதும் மலைக்கு மலை கூப்பிடுவதுபோல்தான் கைப்பேசியில் பேசுவார்.

"டேய், வேட்டி கட்டிட்டு வராதீங்க! சாக்கு கட்டிட்டு வாங்க! ஆமா, தும்புத்தடி, வெளக்குமாறு இருக்கிறதெல்லாம் எடுத்துட்டு வாங்க! ஏன்னு கேக்காத, வா!"

வந்தார்கள். விழாவுக்காக முகச்சவரம் செய்து, எண்ணெய் தடவித் தலை வாரி, இடுப்பில் சாக்கோடு.

"நேத்து அடிச்சதும் நாங்க, இன்னைக்கு அழிக்கிறதும் நாங்க" என்றார் ஒருவர். "இது என்னாங்க கொந்தரப்பு வேலை?"

"பேசாம தேய்டா. ஒழுங்கா அடிச்சிருந்தா இவ்வளவு லேசா வருமா?" என்றார் இன்னொருவர்.

இரவுப் பனியில் சுண்ணாம்பு சரியாகக் காயாதது எங்கள் அதிர்ஷ்டம். தண்ணீர் ஊற்றித் தேய்க்கத் தேய்க்கப் பாலாக ஓடியது. ஆனாலும் கல்லின் துளைகளில் நின்றது போகவில்லை. சுவர் வெள்ளையிலிருந்து சாம்பலாயிற்று. நரைத்த தாடிபோல் இருந்தது. வெயிலில் அதுவும் மினுங்கியது.

ஒருவர் செம்மண் குழம்பு பூசலாம் என்றார். தங்கை ஒரு பிடி மண்ணை நனைத்துக் கல்லில் தேய்த்தாள். அதன்மேல் தன் உள்ளங்கையை வைத்துக் காட்டினாள். கை எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. அவர் தன் கையையும் வைத்துப் பார்த்துவிட்டு, "சரிதான், நம்மளும் அந்த நெறம்தான்" என்றார்.

அப்போதுதான் அப்பா வாளியைத் தூக்கினார். "பெரியவளே, வா" என்று என்னைக் கூப்பிட்டார்.

வீதிக்கு மேலே தேயிலை மலை. அதன் அடியில் லயத்துக்காரர்கள் குளிக்கும் பீலி. மலை ஊற்றுத் தண்ணீர் குழாய் வழியாக விழும் இடத்தைத்தான் பீலி என்போம். விழும் கல்லிலும் சுற்றுச் சுவரிலும் எப்போதும் பச்சைப் பாசி. வாரா வாரம் சுரண்டி எறிவார்கள், வழுக்கும் என்பதற்காக. அப்பா குனிந்து இரண்டு கையாலும் அதை வழித்து வாளியில் போட ஆரம்பித்தார்.

துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"என்னாங்கண்ணே, பாசி அள்ளுறீங்க? சின்னவளுக்குச் சீரு அனுப்புறீங்களா?"

"ஆமா" என்றார் அப்பா, நிமிராமல். "தட்டு எடுத்துட்டுப் பின்னாடி வாங்க."

இரண்டு பேர் உண்மையாகவே வந்தார்கள். தட்டு அல்ல, துணி அலசும் பிளாஸ்டிக் சட்டியில் பாசியோடு.

வாளியைப் பார்த்ததும் தங்கை சிரித்தாள். அவள் சிரிப்புக்குச் சத்தம் உண்டு, அதை அவள் அறியாள். தொண்டையிலிருந்து உடைந்து வரும் பெரிய சத்தம். சாக்கு கட்டியவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒரு பிடி பாசியை எடுத்துச் சாம்பல் கல்லில் அழுத்தித் தேய்த்தாள். கல் கறுத்தது. எட்ட நின்று பார்த்தாள். தன் கையை அதற்கு முன்னால் நீட்டி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள். அப்பாவைப் பார்த்துத் தொடையில் இரண்டு தட்டுத் தட்டினாள். எங்கள் வீட்டில் அதற்குப் பொருள்: நல்லா இருக்கு, இன்னும் கொண்டா.

அலுவலர் வந்தபோது சுவரில் முக்கால்வாசி பச்சையாகியிருந்தது. வெள்ளைச் சட்டையும் கழுத்துப்பட்டியுமாக வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இது திறப்பு விழாவா, சிரமதானமா?"

"ரெண்டும்தாங்க" என்றார் அப்பா. "நீங்களும் ஒரு பக்கம் பிடிங்க."

அவர் பிடிக்கவில்லை. ஆனால் நாடா வெட்டுவதை அரை மணி நேரம் தள்ளிவைத்தார்.

அந்தச் செய்தியை நான் எழுதவில்லை. சொந்தக்காரரைப் பற்றி எழுதுவதில்லை என்பது எங்கள் பத்திரிகையில் வழக்கம். வேறொருவர் எழுதினார். யார் நாடா வெட்டினார், யார் தலைமை தாங்கினார் என்பதெல்லாம் அதில் இருந்தது. அதில் இல்லாததை இங்கே எழுதுகிறேன்.

உரைகள் முடிந்து விருந்தினர்கள் போன பிறகு, பஸ்களில் வந்திருந்த காது கேளாதவர்கள் சாய்வுப் பாதையில் இறங்கினார்கள். இரண்டிரண்டு பேராக, பேசிக்கொண்டே. ஒருவரும் தரையைப் பார்க்கவில்லை. கூழாங்கல் ஓரத்தில் கால் பட்டதும் தானாக உள்ளே ஒதுங்கினார்கள். லாடத்தில் உட்கார்ந்தார்கள். முதலில் எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். நானா கடையில் எப்போதும் நடுவில் உட்காரும் ஹல்துமுல்லைக்காரர் இங்கே ஒரு நுனியில் இருந்தார். அவர் ஒரு பகிடி சொன்னார். பஸ்ஸில் தன்னிடம் காது கேட்கிறதா என்று கத்திக் கத்திக் கேட்ட நடத்துனரைப் பற்றி. முடித்ததும் மறு நுனியில் இருந்த பெண் சிரித்தாள். நடுவில் இருந்தவர்களும் அதே நொடியில் சிரித்தார்கள்.

என் தங்கை சிரிக்கவில்லை. அவள் பகிடியைப் பார்க்கவில்லை. மறு நுனியில் இருந்த பெண்ணின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குறைகளும் சொன்னார்கள். திட்டு இன்னும் கொஞ்சம் அகலமாக இருக்கலாம் என்றார் ஒருவர். எல்லயில் ஹோட்டலில் வேலை செய்யும் இளைஞர் ஒருவர் எழுந்து திரும்பி, தன் வெள்ளைக் கால்சட்டையின் பின்பக்கத்தைக் காட்டினார். பச்சை. சுவரைச் சுட்டினார், தங்கையைச் சுட்டினார், துணி துவைத்துப் பிழியும் சைகை செய்தார். அவள் அப்பாவைச் சுட்டினாள். இளைஞர் அப்பாவைப் பார்த்து மறுபடியும் பிழிந்து காட்டினார். மொத்த வட்டமும் சிரித்தது.

ஓரமாக நின்ற அப்பா என் பக்கம் சாய்ந்தார்.

"என்னயத்தான் சொல்றாங்களா?"

"ஆமாப்பா."

"என்னான்னு?"

"பாசி பட்ட கால்சட்டையை நீங்களே துவைச்சுக் குடுக்கணுமாம்."

"சொல்லட்டும், சொல்லட்டும்" என்றார். தானும் இடுப்பில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து மடித்துவிட்டு, போய் வட்டத்தின் நுனியில் உட்கார்ந்தார். அந்த இளைஞர் நகர்ந்து இடம் கொடுத்தார். இருவருக்கும் பொதுவான மொழி எதுவும் இல்லை. ஆனாலும் ஏதோ பேசிக்கொண்டார்கள்.

மாலையில் வழக்கம்போல் பனி இறங்கியது. மலை மறைந்தது, வீதி மறைந்தது. பக்க விளக்குகள் எரிந்தன. பனிக்குள் அந்த லாடம் மட்டும் தெரிந்தது, அதற்குள் கைகள் தெரிந்தன. கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் மட்டுமே போனார்கள்.

கடையை மூடிவிட்டு நானா பார்க்க வந்தார். தோள் உயரத் திட்டைத் தடவிப் பார்த்தார். அதில் யாரோ தேநீர் வாங்கிவந்து வைத்துவிட்டுப் போன ஒரு கிளாஸ், முழுசாக, உடையாமல் இருந்தது.

"இது என்ட கடைக் கிளாஸ்" என்றார். எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

தங்கை அவரிடம் ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார்.

"அடுத்த ஞாயிறும் வருவாங்களான்னு பார்ப்போம்னு சொல்றா" என்றேன்.

"வந்தா எனக்கு நட்டம், வராட்டி அவவுக்கு நட்டம். அல்லாஹ்கிட்ட நான் என்னத்தத் துவா கேக்கிற?" என்றார் நானா.

அடுத்த ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு நான் பஸ் நிலையத்துத் தேநீர்க் கடைக்குப் போனேன். கண்ணாடிக்கு எதிரே இருந்த கடைசி மேசையில் யாரும் இல்லை.